பழைய வயரிங்கில் 12 வோல்ட் ஓடாது
வீட்டில் ஏற்கெனவே ஏசிக்கு (மாறுதிசை மின்சாரம்) போட்ட பழைய வயரிங்கிலேயே 12 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்) கொடுத்துவிடலாம் என்கிறது இங்கே வந்த கட்டுரை, கணக்கு இடிக்கிறதே. 12 வோல்ட்டில் 100 வாட் லோடுக்கு 8.3 ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் 15 மீட்டர் போய்த் திரும்பினால் மின்தடை சுமார் 0.36 ஓம். 3 வோல்ட் வழியிலேயே காலி, கடைசி அறை ஃபேனுக்கு 9 வோல்ட்தான். அதே லோடு 48 வோல்ட்டில் என்றால் இழப்பு முக்கால் வோல்ட். சென்னை ஐஐடி வீட்டு டிசிக்கு 48 வோல்ட்டைப் பிடித்தது சும்மா இல்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் டிசிக்கும் ஏசி சுவிட்சே போதும் என்கிறார். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டிசியில் லோடு கூடினால் நின்று எரிந்து காண்டாக்டைக் கருக்கிவிடும். எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் பிரேக்கர்) டிசிக்கானதாகவே வேண்டும், பிளஸ் மைனஸ் போட்டிருந்தால் மாற்றி மாட்டக் கூடாது. குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் பிளஸ் டெர்மினல்தான் முதலில் பச்சை பூக்கும். வெள்ளீயம் பூசிய லக்கை (வயர் நுனிக்கான உலோக முனை) வயரில் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து) மாட்டுங்கள்.