தாடை வலி என்றாலே வேர் சிகிச்சையா?
"கடைவாய்ப் பக்கம் தாடை வலித்தால் தள்ளிப்போடாமல் வேர் சிகிச்சை செய்துவிடுங்கள்" என்று பல் வலி பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன், அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்பது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது. போன தீபாவளிப் பலகாரம் முடிந்த கையோடு (எங்கள் வீட்டுச் சீப்புச்சீடையைக் கடித்தவர்களுக்குத் தெரியும்) எனக்கு வலது காதுக்கு முன்னால் பிடித்துக்கொண்டது, கொட்டாவி விட்டால் டக்கென்று சத்தம் வேறு. காரைக்குடியில் முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரேகூட எடுக்காமல் வேர் சிகிச்சை, பல்லுக்கு மேலே மாட்டும் கேப் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்றார். சொத்தையும் இல்லை, பச்சைத் தண்ணீர் குடித்தால் கூசவும் இல்லை, அப்புறம் எதற்கு? புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு பஸ் ஏறினேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல் நன்றாகத்தான் இருக்கிறது, வலிப்பது தாடை மூட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார்கள். வெந்நீர் ஒத்தடம், ஒரு மாதம் முறுக்கு சீடை கிடையாது, ராத்திரி மாட்டிக்கொள்ள ஒரு பல் உறை, அவ்வளவுதான், ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் தாடை வலிக்குக் கிராம்புத் தைலம் தடவச் சொல்கிறார், சொத்தைப் பல்லுக்கு அது கொஞ்ச நேரம் கேட்கும், மூட்டு வலிக்குக் கேட்காது. இன்னொன்று, நடக்கும்போது தாடை வலித்து நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது இதயமாக இருக்கலாம், பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.