வாய் வைக்காத பொம்மை

"பொம்மைக்கு வாய் வைக்க மறந்துட்டியா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. பதிமூன்று வயதுப் பெண். ஒரு மணி நேரமாகத் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு "மறக்கல" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

வளரிளம் பிள்ளைகளோடு உட்கார்ந்து துணிப் பொம்மை செய்ய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. நான் மனநல நிபுணர் இல்லை, தையல் தெரியும், அவ்வளவே. எனக்குப் புரிந்த வரை, இந்த வயதில் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் வரும் "ஒண்ணுமில்ல" பாதி நேரம் பொய் இல்லை. உள்ளே என்னமோ புரள்கிறது, அதற்குப் பெயர்தான் அகப்படவில்லை. பெயர் தெரியாததை எப்படிச் சொல்வார்கள்? அதே பிள்ளை பொம்மையைக் காட்டி "இவளுக்குக் கோபம்" என்று சுலபமாகச் சொல்லிவிடும். இவளுக்குத்தானே, எனக்கில்லையே!

துணிப் பொம்மை தைத்தவர்களுக்குத் தெரியும். நல்ல பக்கம் உள்ளே போகும்படி வைத்துத் தைப்போம். ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டு, அதன் வழியாக மொத்தத்தையும் வெளியே புரட்டி எடுப்போம். கோணல் தையல், பிசிறு எல்லாம் உள்ளே போய்விடும். அப்புறம் பஞ்சு. ஒரு பையன் பென்சிலின் மொட்டை முனையால் குத்திக் குத்திப் பஞ்சை அடைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் விலாப் பக்கம் தையல் விட்டுப்போனது. "இவனுக்கு உள்ள ரொம்ப இருக்கு" என்றான். யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிரிந்த இடத்தை அவனே தைத்தான், கொஞ்சம் பஞ்சை வெளியே எடுத்துவிட்டு.

கண் ஊசியில் இருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் வராத பேச்சு, நூல் கோக்கும்போது தானாக வரும்.

கலை சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான ஈடித் கிராமர் 'மூன்றாம் கை' என்று ஒன்றைச் சொல்வார். பிள்ளை திணறும் இடத்தில் உதவ வேண்டும், ஆனால் அது சொல்ல வருவதை மாற்றிவிடக் கூடாது, நம் ரசனையைத் திணிக்கவும் கூடாது. நான் வாயைப் பற்றிக் கேட்ட அன்று என் மூன்றாம் கை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

பெரியவர்கள் மேல் எனக்குள்ள கோபமும் இதுதான். ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். முடித்த கையோடு எல்லாப் பொம்மைகளையும் மேசையில் அடுக்கி, அழகாக இருந்ததற்கு முதல் பரிசு கொடுத்தார்கள். ஒற்றைக் கண், அறுந்த கை, சிக்கலான முடி என்று செய்திருந்த பிள்ளைகள் தங்கள் பொம்மையைப் பைக்குள் தள்ளிவிட்டார்கள். அடுத்த முறை நான் போனபோது எல்லாப் பொம்மையும் சிரித்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கிரிஜா கைமலும் அவர் குழுவினரும் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் படங்கள் என்று விருப்பம்போல் செய்ய விட்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால், அதாவது மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோன், குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. 2016இல் வெளியான ஆய்வு. பங்கேற்றவர்கள் பெரியவர்கள், சின்ன ஆய்வுதான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 'எனக்கு வரைய வராது' என்று ஒதுங்கும் பிள்ளையிடம் சொல்ல இது போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கறுப்புத் துணியை எடுத்தால் மனச்சோர்வு, சிவப்பு என்றால் வன்முறை என்று ஜோசியம் பார்ப்பவர்கள். ஐயா, சில நாள் டப்பாவில் கறுப்புத் துணி மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

அதற்காகப் பொம்மை செய்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: இங்கே பேசுவதை வெளியே சொல்ல மாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆவேன். கையில் கீறல் தெரிந்தால் அங்கே என் வேலை ஊசி நூல் இல்லை, பயிற்சி பெற்ற நிபுணரிடம் கொண்டு சேர்ப்பது.

அந்தப் பெண் மூன்று வாரம் கழித்து அதே பொம்மையோடு வந்தாள். வாய் இன்னும் இல்லை. வயிற்றில் சின்னதாக ஒரு பை தைத்திருந்தாள், உள்ளே நாலாக மடித்த காகிதம். "படிக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். பையை மூட ஒரு பொத்தான் வேண்டுமாம். டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன். ரொம்ப நேரம் துழாவி, இருப்பதிலேயே பெரிய பொத்தானை எடுத்துக்கொண்டாள்.