கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி

தை பிறக்கப் போகிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் தை, மாசி முகூர்த்தங்களுக்குத் தேதி சொல்லி முன்பணம் கொடுக்க இந்த மாதம்தான் கடைக்கு ஆட்கள் வருவார்கள். தூத்துக்குடியில் இருபது வருடமாக இந்தத் தொழில் பார்க்கிறேன். வந்து உட்கார்ந்ததும் முதலில் வருகிற கேள்வி, "அண்ணாச்சி, என்ன கேமரா வச்சிருக்கீங்க?" அடுத்தது, "ட்ரோன் உண்டா?" அப்புறம், "ஆல்பம் எத்தனை ஷீட்?"

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பெண்தான் வேறு மாதிரி கேட்டார். வங்கியில் வேலை, தன் கல்யாணத்துக்குத் தானே பேச வந்திருந்தார். "எடுத்த படத்தை எல்லாம் எங்கெங்க வச்சிருப்பீங்க?" என்றார். அன்றைக்கு எனக்கு எழுந்து நின்று கைகொடுக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2013-ல் நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

அப்போது என் கையில் இருந்தது, படம் பதிகிற மெமரி கார்டு ஒன்றே ஒன்று போடுகிற கேமரா. சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பம், தூத்துக்குடியில் மண்டபம். முந்தைய நாள் வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். தாலி கட்டி முடிந்ததும் கார்டு நிறைந்துவிட்டது, மாற்றினேன். புதுக் கார்டில் மேடைக்கு வந்த உறவுக்காரர்களை வரிசையாக எடுத்தேன். பெண்ணின் அம்மா ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதால் அவர்கள்தான் முதலில் மேடைக்கு வந்தார்கள். எல்லோரையும் எடுத்தாயிற்று. பந்தி நேரத்தில் கேமராத் திரையில் கார்டைப் படிக்க முடியவில்லை என்று வந்தது. கழற்றி மாட்டினேன், மறுபடியும் அதேதான். மூன்றாவது கார்டைப் போட்டு மீதி வேலையை முடித்தேன். அந்தக் கார்டை மட்டும் தனியாக ஒரு பிலிம் டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கை அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மூன்று மென்பொருள் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கு அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை.

தாலி கட்டுவது இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். அப்பா வழி சொந்தமும் இருந்தது, கடைசியில் ஏறியவர்கள் என்பதால். போனது பெண்ணின் அம்மா பிறந்த வீட்டு ஆட்கள் மட்டும். ஆல்பம் கொடுக்கும் முன்பே நான் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா நான் சொன்னதை நம்பவில்லை. "எங்க ஊர் ஆட்கள் மட்டும்தான் உங்க கார்டுக்குக் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஏதோ மனத்தாங்கல் இருந்திருக்கிறது. யாரோ சொல்லி நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று அவர் நினைத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் கணவர் வாங்கிக்கொண்டார். அதில் எதுவும் தீரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, யாரும் கேட்காமல், நானே பைக்கில் அந்த ஊருக்குப் போனேன். வேனில் வந்தவர்கள் பெயரைப் பெண்ணிடம் எழுதி வாங்கியிருந்தேன். பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டு நடையிலும் நிற்க வைத்து எடுத்தேன். ஒரு ஆச்சி, "இரு தம்பி" என்று உள்ளே போய், கல்யாணத்துக்குக் கட்டியிருந்த அதே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பையையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். இரண்டு வீட்டில் பூட்டு. பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். ஆல்பத்தில் கடைசி இரண்டு ஷீட்டாக அந்தப் படங்களைச் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதன் பிறகும் என்னிடம் பேசவில்லை. அது அவர் நியாயம்.

அந்த வருடமே இரண்டு கார்டு போடும் கேமராவுக்கு மாறினேன். கடன் வாங்கித்தான்.

இந்த இரண்டு கார்டு விஷயம் நம் மக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2012-ல் கேனான் 5டி மார்க் 3 கேமரா வந்தபோது அதில் இரண்டு ஸ்லாட், அதாவது கார்டு போடும் இடம் இரண்டு. அதே வருடம் வந்த விலை குறைந்த 6டி கேமராவில் ஒன்றுதான். படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. 2018-ல் கேனானும் நிக்கானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களை, அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத பெரிய சென்சார் கேமராக்களை, கொண்டுவரத் தொடங்கியபோது கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6 இரண்டுமே ஒற்றை ஸ்லாட்டோடு வந்தன. உலகம் முழுக்கக் கல்யாண போட்டோகிராபர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். 2020-ல் வந்த ஆர்6, இசட்6 மார்க் 2 இரண்டிலும் ஸ்லாட் இரண்டாகிவிட்டது. மலையையோ பூவையோ படம் எடுப்பவர் நாளைக்குத் திரும்பப் போகலாம். தாலி ஒரு முறைதான் கட்டுவார்கள். கெட்டிமேளம் தொடங்கி, முதல் முடிச்சு மாப்பிள்ளை, அடுத்த முடிச்சு நாத்தனார் என்று முடிய கால் நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அட்சதை லென்ஸ் மேல் விழும், ஓமப்புகை கண்ணை மறைக்கும், நாலு கை குறுக்கே வரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. ஒரு கார்டு நிறைந்ததும் அடுத்ததற்குப் போகும்படி அமைக்கலாம். ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிகிற மாதிரியும் அமைக்கலாம். இரண்டாவது வழிக்குக் கார்டு இரட்டிப்புச் செலவு. அதனால் நம் தொழிலில் பல பேர் முதல் வழியில்தான் வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த தம்பிகளிடமே இதைப் பார்த்திருக்கிறேன். பெரிய கேமரா, கழுத்தில் பெயர் போட்ட பட்டை, படமோ ஒரே கார்டில். வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

"என்ன கேமரா" என்ற கேள்வியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கருவிக்கு மதிப்பு உண்டு. விடிகாலை நாலரை முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கிற எஃப் 2.8 லென்ஸ் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. பனிமய மாதா பேராலயத்தில் மோதிரம் மாற்றும்போது பீடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க முடியாது, தூரத்திலிருந்து எடுக்க 70-200 ஜூம் லென்ஸ் வேண்டும். கேனானோ சோனியோ, பழைய மாடல் என்றால் அந்த லென்ஸ் மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும், நாள் முழுக்கத் தோளில். இப்போது மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைக்கிறார்கள், சீரியல் விளக்கு தொங்கவிடுகிறார்கள். நம் கரண்ட் ஐம்பது ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். ஷட்டர் வேகத்தை அதற்குப் பொருத்தி வைக்காவிட்டால் மணப்பெண் முகத்தில் கோடு கோடாக விழும். இதெல்லாம் கருவியும் அனுபவமும் சேர்ந்த வேலை. ஊர் கடற்கரை ஊர் என்பதால் லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை, ஈரம் எடுக்கும் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றுகிறேன். இவற்றில் கொஞ்சம் குறை வந்தாலும் படம் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். கோப்பு போனால் சுமாரான படம்கூட மிஞ்சாது.

கல்யாணம் ஒன்றில் எவ்வளவு சேரும் என்று கணக்குச் சொல்கிறேன். இரண்டு நாளில் போட்டோ மட்டும் நாலாயிரம். ரா ஃபைல், அதாவது கேமரா பதிகிற மூலக் கோப்பு, ஒன்றுக்கு 25 எம்பி வைத்தால் 100 ஜிபி. 4கே வீடியோ நான் எடுக்கிற அளவில் மணிக்கு 45 ஜிபி. இரண்டு வீடியோ கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் 360 ஜிபி. ட்ரோன், இதர வகையெல்லாம் சேர்த்து ஒரு கல்யாணம் ஏறக்குறைய 500 ஜிபி. இதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற ஒன்றரை மணி நேரம், இரண்டாவதில் ஏற்ற இன்னொரு ஒன்றரை மணி நேரம். இதை நான் வரவேற்பு முடிந்த ராத்திரியிலேயே தொடங்கிவிடுவேன். பதினொரு மணிக்குக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தில் கொடுத்த அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தால், பையன்கள் பாயில் படுத்துத் தூங்குவார்கள், பேட்டரி எல்லாம் ஒரு பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், நான் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று மணிக்கு எழுப்பிவிட வேண்டும். "படம் எடுக்கிறது ரெண்டு நாள் வேலைதானே" என்று பேரம் பேசுபவர்கள் ஒரு ராத்திரி வந்து அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

கணினித் துறையில் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகையான சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். பெரிய பெரிய கம்பெனிகள் பின்பற்றுகிற இந்த விதிக்கு அப்படிப் பெயர் வைத்தவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நம் ஆள்தான். இதில் மூன்றாவது பகுதி, அந்த "வேறு இடம்", அதை நானும் ரொம்ப நாள் சோம்பலில் விட்டு வைத்திருந்தேன். அப்புறம் கோவில்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ஒரு டிஸ்க் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் வந்தது.

2023 டிசம்பர் 17. மார்கழி முதல் நாள். அன்றும் மறுநாளும் பெய்த மழை தெற்கே இருக்கிற யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். என் கடை தரைத்தளம். கார்த்திகை முகூர்த்தம் எல்லாம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஐந்து கல்யாணம், ஒன்றுக்குக்கூட ஆல்பம் வேலை தொடங்கவில்லை. கம்ப்யூட்டர், பிரிண்டர், இழுப்பறையில் இருந்த டிஸ்க்குகள் எல்லாம் தண்ணீருக்குள். நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது இழுப்பறை உப்பிப்போய் இழுக்கவே வரவில்லை, உடைத்துத்தான் எடுத்தேன். டிஸ்க்கைச் சாய்த்தால் சேற்றுத் தண்ணீர் வடிந்தது.

நாலு கல்யாணத்தின் பிரதி கோவில்பட்டியில் தங்கச்சி பீரோவில் இருந்தது. ஐந்தாவது, கடைசி முகூர்த்தம், அது மாடியில் என் பையில். அதன் கார்டுகளையும் அழிக்காமல் வைத்திருந்தேன். ஐந்து வீட்டுக்கும் போன் போட்டு, "படம் பத்திரமா இருக்கு, நீங்க உங்க வீட்டைப் பாருங்க" என்று சொன்னேன். ஒரு வீட்டில் அந்த நேரத்தில் பாத்திரம் பண்டம் எல்லாம் போயிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா போனிலேயே அழுதார்.

தெரிந்த இன்னொரு ஸ்டூடியோக்காரருக்கு அப்படி வாய்க்கவில்லை. நனைந்த ஒரு டிஸ்க்கை மீட்க அறுபதாயிரம் கேட்டார்கள், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் தரவில்லை. நல்ல கலைஞர். என்னைவிட நன்றாக எடுப்பார். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

என் சக தொழில்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம்தான் இதைப் பேசுவதில்லை. விலைப்பட்டியலில் ட்ரோன், கேண்டிட், கரிஷ்மா ஆல்பம், எல்இடி டிவி என்று போடுகிறோம். "உங்கள் படம் மூன்று இடத்தில் இருக்கும்" என்று ஒரு வரி போடுவதில்லை. 4 டிபி டிஸ்க் ஒன்று நான் வாங்கியபோது பத்தாயிரம் ரூபாய் அளவில் இருந்தது, எட்டு கல்யாணம் அடங்கும். ஒரு கல்யாணத்துக்கு ஒரு பிரதி ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது. அதைக் கணக்கில் சேர்த்தே கேளுங்கள். காரணம் சொன்னால் நம் மக்கள் கொடுப்பார்கள், நான் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆறு வருடம் கழித்து வந்து "அண்ணாச்சி, எங்க கல்யாண வீடியோ இருக்கா" என்று கேட்பவரிடம் கைவிரிப்பது நமக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். நான் ஒரு வருடம் என்று எழுதிக் கொடுக்கிறேன், அழிக்கும் முன் ஒரு போனும் போடுகிறேன்.

வீட்டுக்காரர்கள் பங்கும் உண்டு. பென்டிரைவை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம்தான் ஒரிஜினல் என்று நினைக்காதீர்கள், அது பெரும்பாலும் சுருக்கி அனுப்பிய படம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில் இருக்கட்டும். ஆல்பமும் அவசியம் போடுங்கள். அது ஒரு டிஸ்க்கும் இல்லாத காலத்திலும் இருக்கும்.

சரி, தைக்கு ஆள் பேசப் போகிறவர்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான். படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியுமா? கல்யாணம் முடிந்த அன்றைக்கே எத்தனை பிரதி எடுப்பீர்கள்? அதில் ஒன்று கடைக்கு வெளியே எங்கே இருக்கும்? பதில் சொல்லத் தடுமாறினால் கோபப்பட வேண்டாம், பக்குவமாகச் சொல்லிச் செய்ய வையுங்கள்.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நான் கோவில்பட்டி போகிறேன். இந்தக் கார்த்திகையில் எடுத்த ஆறு கல்யாணம் ஒரு டிஸ்க்கில் பையில் இருக்கிறது. தங்கச்சி இப்போதெல்லாம் அதைத் தன் முகூர்த்தப் பட்டுக்குள் சுற்றித்தான் வைக்கிறாள்.