பனியன் தூசியும் பதினோராயிரம் மீட்டர் ஆழமும்

போன வாரம் எங்கள் திருப்பூரில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது. டி.வி.யில் கடல் மாசைப் பற்றி ஏதோ ஓடியது. கூட இருந்த பங்காளி, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறவர், சட்டென்று சொன்னார்: "நம்ம ஊருக்குக் கடலே கெடையாது. நமக்கெதுக்குங்க அந்தப் பஞ்சாயத்து?"

எனக்கு எப்போதுமே பதில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காற்றையே எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, எங்கள் டீ கிளாஸில் மண்ணைப் போட்ட அதே தென்மேற்குக் காற்று, கேரளக் கரையில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. மேல்தண்ணீரைக் கரையை விட்டு ஒதுக்குகிறது. அந்த இடத்துக்கு அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. செத்து மட்கிய சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. நாம் காட்டுக்கு எரு அடிக்கிற மாதிரிதான். வெளிச்சமும் எருவும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி பெருகும். அதைத் தின்ன மத்தி வரும். மத்தி கோவை உக்கடம் மார்க்கெட்டுக்கு வரும். பொடி மீன்கள் காய்ந்து நாமக்கல் கோழித் தீவனத்துக்கு வரும். முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சலும் போடுகிறோம். ஆக, காலையில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வந்துதான் பங்காளி கடலே இல்லை என்கிறார். உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இந்த மாதிரிக் கடல் பாசிகள் செய்வது என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

ஆனால் கடல் என்றால் நமக்கு ராமேஸ்வரத்தில் முங்கி எழுகிற இடுப்பளவுத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். அது கடலின் வாசல்படிகூட இல்லை. சூரிய வெளிச்சத்தில் பயிர் பச்சை வைத்துப் பிழைப்பது முதல் 200 மீட்டரில் மட்டும். 1,000 மீட்டருக்குக் கீழே முழு இருட்டு. கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) அங்கே இறக்கி வைத்தால் உச்சிக்கு மேலேயும் ஒரு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும். கடலிலேயே ஆழமான இடமான மரியானா அகழியிலோ நாலு தொட்டபெட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் முங்கிவிடும்.

அந்த இருட்டிலும் குடித்தனம் நடக்கிறது. 1977-இல் காலபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், கடல் தரையில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அங்கே வாயும் கிடையாது, குடலும் கிடையாது என்று ஒரு குழாய்ப் புழு வாழ்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடை வைத்து இரை சமைக்கும் பாக்டீரியாவை உடம்புக்குள்ளேயே வளர்த்துக்கொள்கிறது. வெயிலே படாமல் ஒரு வெள்ளாமை! மற்ற இடங்களில் மேலே இருந்து விழுவதுதான் சாப்பாடு. செத்த பாசி, மீன் கழிவு, பிசுக்கு எல்லாம் துணுக்குத் துணுக்காக இறங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கடல் பனி என்கிறார்கள். கூனி இறாலை விடச் சின்ன உயிர்கள் ராத்திரியானால் இரை தேடி மேலே வந்து, விடிவதற்குள் ஆழத்துக்குப் போய்விடும். இது தினமும் நடக்கிறது.

சரி, இதில் திருப்பூர் எங்கே வருகிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். சாயந்திரம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு ஓடிய கலர் வரும். அப்போது ஓடியது காட்டன். மெதுவாகவாவது மட்கிவிடும். இப்போது ஊரே பாலியஸ்டர் பக்கம் திரும்புகிறது. பையர் கேட்கிறான், வேறு வழியில்லை. பாலியஸ்டர் துணியும் ஒவ்வொரு சலவையிலும் தூசி விடும், ஆனால் அந்தத் தூசி பிளாஸ்டிக். எங்கோ ஒரு வீட்டு வாஷிங் மெஷினில் கிளம்பி, சாக்கடை, ஆறு, கடல் என்று போய், அந்தக் கடல் பனியோடு சேர்ந்து இறங்குகிறது. பசிபிக்கின் ஆழ அகழிகளில் பிடித்த, இறாலுக்குச் சொந்தக்காரச் சின்னப் பிராணிகளின் வயிற்றில் செயற்கை இழைகள் இருந்ததாக 2019-இல் ஆய்வு வெளியானது. மரியானா அகழியும் அதில் உண்டு. நாலு தொட்டபெட்டா ஆழத்தில் பனியன் தூசி. நம்ம ஊர்த் துணியா என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டம் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கம். மேலே இருக்கிறவன் மடையைத் திறந்துவிட்டுத் தூங்கினால் கீழே என்ன ஆகும் என்று அப்பா திட்டியதைக் கேட்டே வளர்ந்தேன். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத்தண்ணீர் நின்றபோதும் அடி வாங்கியது கீழே இருந்தவர்கள்தான். கடல் எல்லாக் கடைமடைக்கும் கடைமடை. அது பொதுப்பணித் துறையில் மனுக் கொடுக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கருத்து இதுதான். புதுத்துணி முதல் சில சலவைகளில்தான் அதிகமாகத் தூசி விடும். அந்தச் சலவையை இங்கேயே போட்டு அனுப்பினால் என்ன? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொந்து நூலாகித்தான் கழிவுநீரே வெளியே விடாத ஏற்பாட்டுக்கு வந்தோம். தண்ணீரை ஆர்.ஓ. போட்டுத் திரும்ப எடுக்கிறோம். அந்த வழியில் போனால் தூசி கசடோடு தங்கிவிடும், ஆற்றுக்குப் போகாது. கடன்பட்டுக் கட்டிய வசதி, இதற்கும் உதவட்டுமே.

சிக்கல் இல்லாமல் இல்லை. கசடு மூட்டைகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதே தீராத தலைவலி. தண்ணீர்ச் செலவு ஏறும். பசுமை, பூமி என்று மீட்டிங்கில் பேசும் பையர், விலை என்று வந்தால் ஒரு சென்ட் ஏற்றித் தரமாட்டான். இதை நான் கூட இருந்தே பார்த்திருக்கிறேன்.

நேற்றுப் பங்காளிக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். அப்புறம், "பீஸுக்கு எவ்வளவு ஏறும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. காஸ்டிங் போடுகிறவர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்க.