சிவந்துபோன காடு

(கனடாவின் டொரன்டோ நகரைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு வரவேற்பறை. அக்டோபர் மாதக் கடைசி. இலையுதிர் கால நிறங்களுக்குப் பெயர்பெற்ற அல்கொன்குயின் காட்டுப் பூங்காவுக்குப் போய்வந்த அத்தான், மனைவியின் தம்பியிடம் கைப்பேசியை நீட்டுகிறார். இருவரும் பேச்சுத் தமிழில்தான் பேசினார்கள்; படங்களைப் போலவே அதுவும் இங்கே சற்றுத் திருத்தப்பட்டிருக்கிறது.)

அத்தான்: பார், தம்பி. கனடாவின் இலையுதிர் காலம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிவிட்டேன்.

தம்பி: அடக்கினீர்களா, கொளுத்தினீர்களா என்று தெரியவில்லை, அத்தான். காடும் சிவப்பு, ஏரியும் சிவப்பு. எப்போது போனீர்கள்?

அத்தான்: போன வாரந்தான். செப்டம்பர் கடைசியில் வார இறுதிக்கு வாகன அனுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை, நன்றி நவிலல் விடுமுறையிலும் கிடைக்கவில்லை. ஆனால் போன வாரம் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது. நெடுஞ்சாலை 60-இல் எனக்கு முன்னால் ஒரு காரைக்கூடக் காணவில்லை. என் அதிர்ஷ்டத்தைப் பார்த்தாயா?

தம்பி: அந்த அதிர்ஷ்டத்தைப் பார்த்தே நீங்கள் காரைத் திருப்பியிருக்க வேண்டும். அங்கே சுகர் மேப்பிள் மரங்கள் செப்டம்பர் கடைசி வாரத்தை ஒட்டித்தான் நன்றாகச் சிவந்திருக்கும். நீங்கள் போனபோது அவை வெறுங்கிளைகளாக நின்றிருக்குமே?

அத்தான்: நின்றன. அதனால்தான் பைன் மரங்களைச் சிவப்பாக்க வேண்டியதாயிற்று. படங்களைத் திருத்தும் செயலியில் பச்சை நிறத்துக்கென்று தனியாக ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் பச்சை மஞ்சளாகிறது, சேமித்து மீண்டும் திறந்து மஞ்சளைத் தள்ளினால் அது செம்மஞ்சளாகிறது, அதன்மேல் நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் செச்சுரேஷனை முழுவதும் ஏற்றினால் நீ பார்க்கும் இந்தக் காடு பிறக்கிறது.

தம்பி: அக்காவின் பச்சைக் குளிரங்கியும் அதே வழியில் சிவந்து பிறந்திருக்கிறது.

அத்தான்: ஆம், அதில்தான் சிக்கல். வேறொரு படத்தில் அது பச்சையாகவே இருப்பதால், ஒரே நாளில் இரண்டு குளிரங்கிகள் எதற்கு என்று உறவினர் குழுவில் கேட்கிறார்கள்.

தம்பி: செச்சுரேஷன் எல்லா நிறங்களையும் ஒரே கண்ணோடுதான் ஏற்றும், அத்தான், மனிதர் முகத்தையும் விடாது. படத்தின் சிவப்பு அளவு 0 முதல் 255 வரைதான் போகும். அதன் உச்சியை எட்டிய பிறகு இலைக்கும் நரம்புக்கும் வேறுபாடு தெரியாது, எல்லாம் குங்குமத்தைக் கொட்டிவைத்ததுபோல் ஒரே பூச்சாகிவிடும். வைப்ரன்ஸ் என்றொரு நகர்த்தி இருக்கிறதே, அது வெளிறிய நிறங்களை மட்டும் அதிகம் தூக்கும், அதைத் தொட்டிருக்கலாம்.

அத்தான்: நீ தொலைபேசியில் சொன்ன மற்றவற்றையெல்லாம் தவறாமல் செய்தேன். ஈர இலைகளின் பளபளப்பைக் குறைக்கக் கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாய் அல்லவா? பிடித்தேன்.

தம்பி: பளபளப்பை வடிகட்டும் போலரைஸ்டு குளிர்கண்ணாடியைத்தானே?

அத்தான்: வாசிப்புக் கண்ணாடியை.

தம்பி: (சிறிது நேரம் பேசவில்லை.) சரி. இந்தப் படம் முழுவதும் வெண்மையாகப் படர்ந்திருப்பது என்ன?

அத்தான்: காலைப் பனிமூட்டம்.

தம்பி: மதியம் ஒன்றரை மணிக்கு எடுத்ததாகக் கைப்பேசி சொல்கிறதே. மட்டன் ரோல்ஸ் சாப்பிட்ட கையோடு லென்ஸைத் தொட்டீர்களா?

அத்தான்: ரோல்ஸ் சாப்பிடாமல் மூன்று மணி நேரம் யார் கார் ஓட்டுவது?

தம்பி: ஓட்டுங்கள், ஆனால் படம் எடுக்குமுன் ஒரு மெல்லிய துணியால் லென்ஸைத் துடையுங்கள். இந்த ஒரு வேலை செயலிகள் எல்லாவற்றையும்விட அதிகம் உதவும். பிறகு, காடு முழுவதும் மஞ்சளாக இருந்தால், வெளிச்சந்தான் மஞ்சளாக இருக்கிறது என்று கைப்பேசி எண்ணிக்கொண்டு, தானாகவே நீலத்தைக் கலந்து நிறத்தை ஆற்றிவிடும். அதனால் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் வெயிலுக்கோ மேகத்துக்கோ நாமே நிறுத்த வேண்டும். திரையில் தெரியும் பிரகாசமான இலையின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தையும் சற்றுக் குறைத்துக்கொண்டால்... அத்தான், இந்தப் படத்தில் நடுப்பகுதி மட்டும் ஏன் கரைந்துபோயிருக்கிறது?

அத்தான்: அது ஸ்ப்ரூஸ் பாக் மரப்பலகைப் பாதை. அங்கே ஊசியிலை மரங்கள் சில பட்டுப்போய் மஞ்சளாக நின்றன. படத்தைக் கெடுக்கின்றனவே என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்துவிட்டேன். அதற்கே ஓர் இரவு போயிற்று.

தம்பி: ஐயோ, அவை பட்ட மரங்கள் அல்ல, டாமராக். ஊசியிலை மரமாக இருந்தும் ஆண்டுதோறும் இலைகளை உதிர்ப்பது அது. மேப்பிள்கள் மொட்டையான பிறகு, அக்டோபர் நடுவில்தான் அது பொன்னிறமாகும். அன்றைக்கு அந்தக் காட்டில் இருந்த இலையுதிர் கால நிறமே அது ஒன்றுதான். அதை அழித்துவிட்டு, எந்தக் காலத்திலும் சிவக்காத பைனுக்குச் சாயம் பூசியிருக்கிறீர்கள். மூலப் படம் கைப்பேசியில் அப்படியே இருந்தால் மீட்டுவிடலாம்.

அத்தான்: மீட்பது இருக்கட்டும். லண்டன் அண்ணர் இந்தச் சிவப்புக் காட்டை நேரில் பார்ப்பதற்கென்றே அடுத்த ஆண்டு அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டார்.

தம்பி: செப்டம்பர் கடைசிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அத்தான்: சொன்னால் காரணம் கேட்பாரே!

தம்பி: அப்படியானால் வரட்டும். டாமராக்கைக் காட்டிச் சமாளியுங்கள்.

அத்தான்: அதுவும் முடியாது, தம்பி. என் படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்க்கப் போகிறாராம்.