வாயைத் திறக்காமலே பாஸாகிற பாடம்

கமிஷன் என்று நாங்கள் சொல்லும் செய்முறைத் தேர்வு முடிந்து, பி.எட். கடைசித் தேர்வும் எழுதியாச்சு. ரெக்கார்டு நோட்டு, சார்ட், ஆல்பம் எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறிப் பரணுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இனி ஆங்கில ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷம் நிறையவே இருக்கிறது. அதோடு, பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தையும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நம் மாநிலத்தில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கிவிட முடியும். பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மார்க் எழுத்து, 25 மார்க் செய்முறை. எவ்வளவு மனப்பாடம் செய்திருந்தாலும் லேபுக்குள் போய்க் கையை வைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் 100 மார்க்கும் எழுத்துதான். முன்பு இரண்டு தாளாக இருந்ததை 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாக்கினார்கள். அப்போதும் பேச்சுக்கு இடம் வரவில்லை. மெமரி போயத்தைக்கூட எழுதினால் போதும், யாரிடமும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

அதே பிள்ளை வளர்ந்து ஆங்கில ஆசிரியராக வர நினைத்தால்? ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள் 150 மார்க். அதில் ஆங்கிலத்துக்கு 30. குழந்தை மேம்பாட்டுக்கு 30, தமிழுக்கு 30, மிச்சம் 60 மார்க்குக்கு என்னைப் போன்ற ஆங்கிலப் பட்டதாரிகள் பெரும்பாலும் சமூக அறிவியல்தான் எழுதுகிறோம். இப்போது என் மேசை மேல் இருப்பதெல்லாம் வரலாறு, புவியியல் புத்தகங்கள். வரலாறு தெரிந்துகொள்வது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் டெட், அதற்கப்புறம் பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வு, இரண்டுமே ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவது. வேலைக்கு எடுக்கும் எந்தத் தேர்விலும் நான் ஆங்கிலம் பேசுவதை யாரும் காது கொடுத்துக் கேட்கப் போவதில்லை. இப்படிப் பேசாமலே வந்த ஆசிரியர் வகுப்பில் பேசத் தயங்கினால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

பி.ஏ. படித்தது வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ் மீடியம். புதுமைப்பெண் திட்டத்தில் வந்த மாதம் ஆயிரம் ரூபாயில்தான் ஜெராக்ஸ், புத்தகச் செலவெல்லாம் ஓடியது. நாடகப் பேப்பர் எடுத்த மேடம் முழுக் கதையையும் தமிழில் சொல்லி, அப்புறம் ஆங்கில வரிகளுக்கு வருவார். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தமிழ் வழியாகத்தான் ஆங்கில இலக்கியம் உள்ளே போனது. அந்த மேடத்துக்கு என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். எங்களுக்குக் கிடைக்காமல் போனது வேறு. புரிந்ததை எங்கள் வாயால் சொல்லிப் பார்க்க மூன்று வருடத்தில் நேரமே ஒதுக்கப்படவில்லை.

அந்த நேரம் பி.எட்.டில் மைக்ரோ டீச்சிங்கில் கிடைத்தது. ஐந்தாறு நிமிடம், எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருக்கும் சக தோழிகள், ஒரே ஒரு திறன். சும்மா சடங்கு என்பார்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவில் வார்த்தை வராமல் நின்றாலும் எதிரே இருப்பவர்கள் காத்திருப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் வார்த்தை தானாக வருகிறது. பி.எட்.டில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்.

இரண்டாம் ஆண்டில் 16 வாரக் கற்பித்தல் பயிற்சி. காசிமேட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. 'மே ஐ கம் இன் மிஸ்' தவிர வேறு ஆங்கிலம் காதில் விழாத வகுப்பு. ஒரு நாள் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, நல்ல மீனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டேன். முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். வகுப்பே எழுந்து நின்றது. செவுளைத் தூக்கிப் பார்க்கணும், கண்ணு உள்ளே போயிருக்கக் கூடாது, ஐஸ் மீனை மேலே தண்ணி தெளிச்சு ஏமாத்துவாங்க மிஸ் என்று ஆளுக்கு ஒன்று. கில், ஸ்கேல், ஸ்மெல், பிரஸ் என்று தேவையான சொற்களை மட்டும் போர்டில் எழுதிப் போட்டு, இப்போது ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண். அவள் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். "ஃபர்ஸ்ட் ஓபன் தி கில். ரெட் மீன்ஸ் குட். பிரவுன் மீன்ஸ் நோ. பிரஸ் ஹியர், இட் கம் அப், ஃப்ரெஷ் ஃபிஷ்" என்றாள், தன் உள்ளங்கையை விரலால் அழுத்திக் காட்டிக்கொண்டே. உடனே முன் பெஞ்சுப் பையன், "நோ நோ, சம் மேன் புட் கலர் இன் கில்" என்று மறுத்தான். மணி அடிக்கும்வரை அந்தச் சண்டை ஆங்கிலத்திலேயே நடந்தது.

நான் யாரையும் நடுவில் நிறுத்தித் திருத்தவில்லை. 'கம்' இல்லை 'கம்ஸ்' என்பதை மறுநாள் போர்டில் எழுதி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். பேசும்போது திருத்தினால் அந்தப் பெண் இரண்டாம் வாக்கியத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மொழி வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், சேட்டுக் கடையில் இந்தி என்று மாற்றி மாற்றிப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உருது பேசும் வீடுகளும் உண்டு. மூன்று மொழியில் பேரம் பேசத் தெரிந்த பிள்ளை நான்காவது மொழியில் ஊமையாகிறது என்றால், காரணம் பிள்ளையின் மூளை இல்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதும், 'நார்த் மெட்ராஸ்' என்றதும் ஒரு பார்வை பார்ப்பதும்தான். வகுப்பில் தமிழ் பேசினால் ஃபைன் போடும் தனியார் பள்ளி ஒன்றுக்கு இன்டர்வியூ போனேன். அந்த விதியை நடத்திவைக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஃபைனுக்குப் பயந்த பிள்ளை ஆங்கிலம் பேசாது, எதுவுமே பேசாமல் இருந்துவிடும்.

அறிவியலுக்கு 25 மார்க் செய்முறை வைக்க முடிகிற நாட்டில் ஆங்கிலத்துக்கு ஒரு 20 மார்க் பேச்சுத் தேர்வு வைக்க முடியாதா? வேண்டியவர்களுக்கு மார்க் போடுவார்கள் என்பார்கள். செய்முறைத் தேர்வுக்கும் அந்தப் பயம் உண்டு, அதற்காக அதை யாரும் நிறுத்தவில்லையே. மார்க் இருந்தால்தான் டைம்டேபிளில் பீரியட் வரும். பீரியட் வந்தால்தான் டெட்டிலும் ஆசிரியரின் பேச்சைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வரும்.

ஜூனில் எந்தப் பள்ளி கிடைத்தாலும் வாரத்தில் ஒரு பீரியட் பேச்சுக்கு என்று கேட்டு வாங்கப் போகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வேலை பார்க்கும் ஆங்கில ஆசிரியர்கள் யாராவது இதை ஏற்கெனவே செய்து கொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நாற்பது நிமிடத்துக்குள் எல்லோருக்கும் முறை வர என்ன செய்கிறீர்கள்? அந்த ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.