இரவு எட்டு மணிக்கு என்ன வேகம் வரும்?

வீட்டு இணைய இணைப்பு விற்கிற எல்லா நிறுவனங்களிடமும் கேட்க என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு, தெருவில் எல்லோரும் வீடு திரும்பியபிறகு, என் வீட்டுக்கு என்ன வேகம் வரும்? இதற்கு எந்த விளம்பரத்திலும் பதில் இல்லை. 100 எம்பிபிஎஸ் வரை, 300 எம்பிபிஎஸ் வரை என்று உச்சத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதற்குக் கீழே எது வந்தாலும் ஒப்பந்தப்படி சரியாகிவிடுகிறது. நாம் கட்டுகிற பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அது முழுசாகப் போய்ச் சேரவேண்டும், தேதி தவறினால் இணைப்பு நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் பகலெல்லாம் வேகம் நன்றாகவே இருக்கும். பொழுது சாய்ந்ததும் சரியத் தொடங்கும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வெளியூரில் இருக்கும் அக்காவோடு வீடியோ கால் எல்லாம் அந்த நேரத்தில்தான். படம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். புகார் கொடுத்தால் மறுநாள் முற்பகலில் டெக்னீஷியன் வருவார். ஸ்பீடு டெஸ்ட் போடுவார், முழு வேகம் காட்டும், புகார் மூடப்படும். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செய்கிறார். ராத்திரிப் பிரச்சினையைக் காலையில் சோதித்துப் பார்த்துத் தீர்ந்ததாகக் கணக்கு எழுதுகிற முறைமேல்தான் கோபம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்தேன். ஃபைபர் என்றால் நமக்கென்று தனிக் கம்பி வருவதாகப் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஒரு ஃபைபர் இழை வழியிலேயே ஸ்பிளிட்டர் என்ற பிரிப்பான் வைத்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கப்படுகிறது. அந்த ஒரு இழையில் இறங்குகிற மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். ஏறுகிற வேகம் அதில் பாதி. 64 வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் விற்றிருந்தால் மொத்தம் 6,400 எம்பிபிஎஸ் தேவை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுத்தால் ஆளுக்குச் சுமார் 39 எம்பிபிஎஸ்தான் தேறும். ஆனால் அப்படி எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. அதனால் நல்ல முறையில் நடத்துகிற இடங்களில் இந்தப் பங்கீடு யாருக்கும் தெரியாமலே ஓடிவிடுகிறது. நெரிசல் பெரும்பாலும் அதற்கு மேலே, ஒரு பகுதி முழுவதையும் வெளியுலகத்தோடு இணைக்கிற பெரிய இணைப்பில்தான் ஏற்படுகிறது. வாடிக்கையாளர்களைச் சேர்த்துக்கொண்டே போய், அந்த இணைப்பை மட்டும் பெரிதாக்காமல் விட்டால், மாலையில் வேகம் விழத்தான் செய்யும்.

பகிர்ந்து கொடுப்பது தப்பில்லை என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒதுக்கிக் கொடுப்பதென்றால் சாதாரணக் குடும்பம் யாரும் அந்த விலையைத் தாங்க முடியாது. எத்தனை பேரோடு பகிர்கிறோம், நெரிசல் நேரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை மறைத்து விற்பதுதான் தப்பு.

நிறுவனத்தின்மேல் பழி போடக்கூடாத விஷயங்களும் உண்டு. டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12 எம்பி என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறவேண்டாம். விளம்பரம் பிட் கணக்கில் இருக்கிறது, டவுன்லோடு பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் அதிகபட்சமே நொடிக்கு 12.5 எம்பிதான். அதேபோல இரண்டு சுவர் தாண்டி, பழைய போனில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வருகிற வேகத்தை வைத்துச் சண்டை போட முடியாது. பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் நெருக்கிக்கொண்டிருக்கும்.

ஆனால் ரவுட்டர் அவர்கள் கொடுத்ததாக இருந்தால் அதன் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். 200 எம்பிபிஎஸ் பிளானை விற்றுவிட்டு, கேபிள் செருகுகிற லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத ரவுட்டரைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த லேனில் எவ்வளவு முயன்றாலும் 95 பக்கம்தான் நிற்கும். கட்டுகிற பணத்தில் பாதிக்கு மேல் வீண். இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எந்தப் பிளானுக்கு எந்தப் பெட்டி வேண்டும் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விலையிலும் இதே கதை. விளம்பரத்தில் இருப்பது வரி சேர்க்காத தொகை. அதுவும் முதல் சில மாதங்களுக்கு, அல்லது ஒரு வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் மட்டும். இன்ஸ்டலேஷன் தனி, ரவுட்டர் வாடகையோ டெபாசிட்டோ தனி. அன்லிமிடெட் என்று பெயர் வைத்த பிளானில் குறிப்பிட்ட ஜிபி முடிந்ததும் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுகிற எஃப்யூபி என்ற நிபந்தனை, எங்கோ விதிமுறைகளின் அடியில் கிடக்கும். வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்து, மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்கிறவர்கள் எந்தத் தொகையை நம்பித் திட்டமிடுவது?

இதெல்லாம் சரிசெய்ய முடியாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் முன்பு பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே அந்த வேகத்தை விளம்பரத்தில் போடலாம் என்றிருந்தது. 2018 மே மாதம் அதை மாற்றினார்கள். இரவு 8 முதல் 10 வரை, குறைந்தது பாதிப்பேருக்குக் கிடைக்கிற வேகத்தைத்தான் போடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி, குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறது. ஜெர்மனியில் 2021 டிசம்பரிலிருந்து, ஒப்பந்த வேகத்துக்கும் கிடைக்கிற வேகத்துக்கும் தொடர்ந்து பெரிய இடைவெளி இருந்தால் அந்த அளவுக்குப் பணத்தைக் குறைத்துக் கட்ட வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் விலை, கூடுதல் கட்டணம், வழக்கமான வேகம், டேட்டா வரம்பு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் காட்டியாகவேண்டும்.

இவற்றில் ஜெர்மனியின் முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே குறைபாட்டின் பாரம் விற்றவர்மேல் விழுகிறது. வேகம் பாதியானால் பில்லும் குறையும் என்ற நிலை வந்தால், எங்கே நெரிசல் என்று அவர்களே தேடிப்போய்ச் சரிசெய்வார்கள். இப்போது நெரிசலால் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டமில்லாத இடத்தில் யார் பணம் போடுவார்?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஆதாரம் சேர்ப்பது. லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணையுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு மாலை நேரத்தில் அளவெடுங்கள், பல நாட்கள். ஒரே ஸ்பீடு டெஸ்டை நம்பாதீர்கள். சில சோதனைகளின் சர்வர் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்கு உள்ளேயே இருக்கும், அதனால் வெளி இணைப்பின் நெரிசல் அதில் தெரியாது. எம்-லேப் என்ற ஸ்பீடு டெஸ்டின் சர்வர்கள் அந்த வலையமைப்புக்கு வெளியே இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட ஃபாஸ்ட்.காம் என்ற ஸ்பீடு டெஸ்ட் அவர்களுடைய வீடியோ சர்வர்களிலிருந்தே அளக்கிறது. இரண்டு மூன்றில் அளந்து, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்லோடு வேகத்தையும் விட்டுவிடாதீர்கள், வீடியோ காலில் நம் முகம் எதிர்ப்பக்கம் தெரிவது அதை நம்பித்தான்.

முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து புகார் போனால் "உங்கள் வைஃபைதான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரே நிறுவனத்தின் இணைப்பு இருக்கிற ஐந்தாறு வீடுகள், ஒரே இரவில் ஒரே மணிக்கு அளந்த கணக்கை ஒரே புகாராக எழுத்தில் கொடுத்தால் அந்தப் பதில் எடுபடாது. எங்கள் தெருவில் அந்தக் கணக்கைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். புகாரில் இரண்டே கோரிக்கைகள் வைக்கப்போகிறோம். நெரிசல் நேரத்தின் குறைந்தபட்ச வேகத்தை எழுதித் தரவேண்டும், அது வராத மாதத்துக்குப் பில்லைக் குறைக்கவேண்டும்.